ஆமீன் போகும்வரை

ஜோதிலட்சுமி தன் தாயின் வாயைப் பொத்திவிட்டாள். மொக்கம்மாள் அப்போதுதான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து முதல் ஓலத்தை எடுக்கப் போனாள். அது மகளின் உள்ளங்கைக்குள் சூடான காற்றாக முட்டி நின்றது.

"அழுகாத ஆத்தா. இப்ப அழுகாத. கோர்ட்டு ஆமீன் வந்துட்டுப் போகட்டும்."

கயிற்றுக் கட்டிலில் ஒச்சாண்டி வாயைச் சற்றே திறந்தபடி கிடந்தார். மாட்டைக் கறந்துவிட்டு உள்ளே வந்த ஜோதி, "காப்பி குடிக்கிறியாப்பா" என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. தேனி ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த நாளிலிருந்தே அவர் சரியாகப் பதில் சொல்வதில்லைதான். ஆனாலும் இது அந்த மாதிரி இல்லை என்பது கட்டில் பக்கம் போவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொட்டுப் பார்த்தது, சந்தேகம் தீர அல்ல. தொடாமல் இருக்க முடியவில்லை.

மொக்கம்மாள் மகளின் கையை விலக்கினாள். யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"என்ன புள்ள பேசுற? ஒங்கப்பா போயிட்டாக. நான் அழுகாம?"

"வீடு போயிரும் ஆத்தா."

வீடு என்றதும் மொக்கம்மாள் வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச காலமாக அந்த வீட்டில் எல்லாப் பேச்சையும் முடித்துவைக்கும் சொல் அதுவாகத்தான் இருந்தது.

ஒச்சாண்டிக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் சொந்தத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. ஒரு காற்று மழையில் பந்தல் முழுக்கச் சாய்ந்தது. புதுப் பந்தல் போட, கம்பத்து உரக்கடை விஜயகுமாரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார். பந்தல் நன்றாகத்தான் நின்றது, திராட்சை விலைதான் நிற்கவில்லை. கடன் கேஸாகி, கேஸ் விஜயகுமார் பக்கம் டிகிரியாகி, தோட்டம் ஏலத்தில் போயிற்று. தோட்டம் போயும் கடன் தீரவில்லை. மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடு, அப்புறம் ஒரு பய வாசலுக்கு வரமாட்டான் என்று ஊரில் நாலு பேர் யோசனை சொன்னார்கள். யோசனை சொல்வதற்கு என்ன, காசா பணமா.

"திவாலுன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டுத் தலையில துண்டப் போட்டுக்கிட்டுத் திரியச் சொல்றீகளா?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார் ஒச்சாண்டி. அரை ஏக்கர் பந்தலைக் குத்தகைக்குப் பிடித்தார். புருஷனோடு ஒத்துவராமல் திரும்பி வந்திருந்த மகளுக்குக் கொடி வெட்டும் கவாத்துக் கத்திரியைக் கையில் கொடுத்தார். வேலை கற்றுக்கொள்ளட்டும் என்பதைவிட, வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க வேண்டாம் என்பதுதான் அவர் எண்ணம்.

விஜயகுமார் அடுத்ததாக வீட்டுக்கு ஜப்தி கேட்டபோது ஜோதிதான் உத்தமபாளையம் கோர்ட்டுக்கு ஓடினாள். வக்கீல் கிளாரா காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "விவசாயி குடியிருக்கிற வீட்ட இந்த மாதிரிக் கடனுக்கு ஜப்தி பண்ண முடியாதும்மா. சட்டி பானை, படுக்கை, உழுகிற மாடு, வெதை, பொம்பள கழுத்துத் தாலி, இதையெல்லாம் சட்டம் தொடவிடாது. ஒங்கப்பா விவசாயி. அந்த வீட்டுலதான் இருக்காரு. அவரு இருக்கிற வரைக்கும் நீங்க பயப்பட வேணாம்."

அவருக்குப் பிறகு என்று ஜோதி கேட்கவில்லை. கேள்வி நுனிநாக்குவரை வந்தது. அப்பன் உயிரோடு இருக்கும்போது அப்படிக் கேட்டால், அவர் உயிருக்கு வாய் வைத்ததுபோல் ஆகிவிடாதா. ஒரு பெண்பிள்ளை அதை எப்படிக் கேட்பாள். கேளாத கேள்வி போகவும் இல்லை. அவர் இருமும்போதெல்லாம், மூச்சு வாங்கும்போதெல்லாம், 'இருக்கிற வரைக்கும், இருக்கிற வரைக்கும்' என்று அது அவள் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தது.

அதற்குள் விஜயகுமார் இன்னொரு மனு போட்டான். ஒச்சாண்டி இப்போது விவசாயமே பார்ப்பதில்லை, கூடலூரில் ஜீப் ஓட்டும் மகன் வீட்டில் இருக்கிறார், இந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று. கோர்ட்டிலிருந்து ஆமீன் நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்றானது. அந்த நாள் இன்றைக்கு. அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அண்ணன் ஈஸ்வரபாண்டியின் ஜீப்பில் அவரைப் படுக்கவைத்துக் கூட்டி வந்தார்கள். வழியெல்லாம் குழிகளுக்கு அண்ணன் வேகத்தைக் குறைத்தான். அப்படியும் வண்டி குலுங்கியது. அங்கேயே விட்டிருந்தால் இன்னும் ரெண்டு நாள் இருந்திருப்பாரோ.

நினைக்க நேரம் இல்லை. அவள் மப்ளரை எடுத்து, அப்பாவின் தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். செத்தவருக்கு வாய்க்கட்டு அப்படித்தான் கட்டுவார்கள். மார்கழிப் பனிக்குக் கிழவர்கள் கட்டிக்கொள்வதும் அதே கட்டுத்தான். கால் பெருவிரல்களைக் கட்டவில்லை. ஆளைச் சுவர்ப்பக்கம் பார்க்க ஒருக்களித்து வைத்து, கம்பளியைத் தோள்வரை இழுத்துவிட்டாள். மொக்கம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு, மகள் செய்வதையெல்லாம் பார்த்தபடி நின்றாள்.

பால் வாங்கச் செம்போடு வந்தாள் எதிர்வீட்டு ஜக்கம்மா. மொக்கம்மாளின் முகத்தைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள்.

"ஆமீன் வாராரு அக்கா," என்றாள் ஜோதி.

ஜக்கம்மா பால் வாங்காமலே திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் காளியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் நின்றது. தெருக்குழாயில் தண்ணீருக்கு நடக்கும் தினப்படிச் சண்டையையும் காணோம். இந்த ஊர் இப்படி அமைதியாக இருந்தால் எந்த ஆமீனுக்குத்தான் சந்தேகம் வராது. ரகசியம் காக்கக்கூடச் சத்தம் போடத் தெரிய வேண்டும் போலிருக்கிறது.

அண்ணனுக்குப் போன் போட்டாள். "அப்பாவுக்கு ரொம்ப முடியலண்ணே, அண்ணியக் கூட்டிக்கிட்டு வா," என்று மட்டும் சொன்னாள். அவன், "ஆமீன் வந்துட்டாகளா?" என்று கேட்டான்.

"இன்னும் வரல."

"சரி," என்று சொல்லி வைத்துவிட்டான்.

"ஆத்தா, காப்பி போடு. வாரவுகளுக்கும் சேத்து. அப்பாவுக்கும் ஒரு தம்ளர்ல ஊத்து."

மொக்கம்மாள் போட்டாள். ஒரு தம்ளரில் மட்டும் சர்க்கரை போடாமல் ஆற்றி, கட்டிலின் தலைமாட்டில் முக்காலி மேல் கொண்டுவந்து வைத்தாள். அவருக்குச் சர்க்கரை ஆகாது. அதைப் பார்த்த ஜோதி கொல்லைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள்.

விஜயகுமாரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார் ஆமீன். ஓய்வுபெறப் போகிற வயது. வலது கையில் ரெக்சின் பை, இடது கையில் கழற்றிய குல்லா. பனி அவர் மூக்கைச் சிவக்க வைத்திருந்தது.

"மனுதாரர் வாசல்லயே நில்லுங்க," என்று விஜயகுமாரிடம் சொல்லிவிட்டு, நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தார். "ஒச்சாண்டிங்கிறது?"

"இவுகதேன் சார். எங்கப்பா."

"எழுப்ப முடியுமாம்மா?"

ஜோதி வாயைத் திறப்பதற்குள் மொக்கம்மாள் சொன்னாள், "ராத்திரியெல்லாம் ஒறக்கமில்ல. இப்பத்தேன் கண்ணசந்தாக."

சொல்லிவிட்டுக் காப்பியை நீட்டினாள். ஆமீன் வாங்கி, நின்றபடியே குடித்தார். சுவரில் தொங்கிய மருந்தடிக்கும் கைத்தெளிப்பானைப் பார்த்தார். ஆணியில் மாட்டியிருந்த கவாத்துக் கத்திரியை எடுத்து, விரித்து மூடிப் பார்த்துவிட்டு மாட்டினார். கொல்லையில் கட்டியிருந்த மாட்டையும் வைக்கோல் போரையும் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

வாசலிலிருந்து விஜயகுமார் குரல் கொடுத்தான். "சார், பெரியவர எழுப்பி ஒரு ரேகை வாங்கிருங்க. அவருதேன்னு உறுதி வேணும்ல. நான் ஒண்ணும் அவருக்கு விரோதி இல்ல. எனக்கும் வட்டி கட்ட வேண்டிய எடம் இருக்கு."

ஆமீன் மைப்பெட்டியை எடுத்தார். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "பெரியவரே," என்று ஒருமுறை கூப்பிட்டார். கம்பளிக்குள் கையை விட்டு, ஒச்சாண்டியின் வலது கையை வெளியே எடுத்தார்.

எடுத்தவர் அப்படியே இருந்தார்.

கொல்லையில் மாடு கழுத்தை ஆட்டும் சத்தம் கேட்டது. மொக்கம்மாள் முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தாள். ஆமீன் அவளை ஒருமுறை பார்த்தார். அப்புறம் அந்தக் கையைக் கம்பளிக்குள் திரும்ப வைத்து, ஓரத்தைச் செருகிவிட்டார். மைப்பெட்டியின் மூடியை மூடினார்.

"என்ன சார், வாங்கிட்டீகளா?" என்றான் விஜயகுமார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் ஆமீன். ஜோதியின் பக்கம் திரும்பினார். "வெள்ளாமை பாக்குறது யாரும்மா?"

"அப்பாதேன் சார்."

"மருந்தடிக்கிறது யாருன்னு கேக்குறேன்."

ஜோதி கையைப் பின்னால் கொண்டுபோனாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். கொடிக்கு அடிக்கும் மயில்துத்தத்தின் நீலம் நகக்கண்களில் ஏறி, எத்தனை தேய்த்தும் போகாத கை அது.

"நாந்தேன் சார். கவாத்தும் நாந்தேன். ரெண்டு வருசமா அப்பாவுக்குப் பந்தலுக்குக் கீழ குனிஞ்சு நிக்க முடியல."

"குடியிருக்குறது?"

"இங்கனதேன். எனக்கு வேற எங்கன எடம் இருக்கு?"

அவர் எழுதினார். எழுதியதைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். 'எதிர்மனுதாரரை வீட்டில் படுக்கையில் கண்டேன். இவ்வீட்டில் குடியிருந்து விவசாயம் செய்து வருபவர் அவர் மகள் ஜோதிலட்சுமி.' ரேஷன் கார்டிலிருந்து ஆதார் வரைக்கும் எந்தக் காகிதமும் அவளைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

"இதுல நீ கையெழுத்துப் போடு. குடும்பத்துல வெவரம் தெரிஞ்ச ஒரு ஆளு போட்டாப் போதும்."

பேனாவை வாங்கியவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். இத்தனை நாள் கேட்காத கேள்வி, இப்போது கேட்பதற்கு என்ன தடை. "சார், வீட்டுக்கு இருக்குற பாதுகாப்பு... அப்பா இருக்குற வரைக்குந்தானா?"

அவர் கட்டிலைப் பார்க்காமலே சொன்னார். "விவசாயம் பாக்குற வாரிசு அதே வீட்டுல இருந்தா, அதையும் சொல்லி வாதாடலாம்மா. இதுக்கு முன்னாடி ஒங்க வக்கீலக் கேக்கலையா?"

"கேக்கல சார்."

ஜோதி கையெழுத்துப் போட்டாள். அப்படியானால் இந்தக் காலை முழுவதும் எதற்கு? புருஷனுக்கு அழ வேண்டியவள் காப்பி ஆற்றினாளே, அது எதற்கு? அந்த ஒரு கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால், அப்பாவை ஜீப்பில் குலுக்கிக் கொண்டுவந்திருக்கவும் வேண்டாம். தாயின் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

வாசலில் விஜயகுமார் காகிதத்தை வாங்கிப் படித்தான். "ரேகை இல்லையே சார்."

"நான் நேர்ல பாத்தேன். மக கையெழுத்துப் போட்டிருக்கு. ஆட்சேபம் இருந்தா அடுத்த வாய்தாவுல சொல்லுங்க," என்றார் ஆமீன். பைக்கில் ஏறும் முன்பு குல்லாவைப் போடப் போனார். பிறகு போடாமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பைக் சத்தம் தெருமுனையில் தேயும்வரை ஜோதி நின்றாள். அப்போதுதான் தெருவைப் பார்த்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஜக்கம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள். முதல் குரல் பொண்டாட்டியின் குரலாகத்தான் இருக்க வேண்டும். அது வந்தபிறகுதான் மற்றவர்கள் மாரடித்துக்கொண்டு ஓடிவர முடியும். அதற்காக எல்லோரும் காலையிலிருந்து காத்துக் கிடக்கிறார்கள்.

ஜோதி கதவின் இரண்டு பக்கங்களையும் விரியத் திறந்தாள். உள்ளே போனாள்.

"ஆத்தா. போயிட்டாக. இனி அழு ஆத்தா."

மொக்கம்மாள் கட்டில் ஓரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்த முந்தானையை எடுத்து மடியில் போட்டிருந்தாள். முக்காலி மேலிருந்த தம்ளரை எடுத்து, ஆறிப்போன காப்பியில் படிந்திருந்த ஆடையை ஒற்றை விரலால் எடுத்துச் சுவரில் தடவினாள். ஆடை இருந்தால் அவருக்குப் பிடிக்காது.

"ஆத்தா, எல்லாரும் நிக்கிறாக. ஒரு சத்தம் குடு."

பொறுக்கமாட்டாமல் ஜக்கம்மாவும் மற்றவர்களும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். நெஞ்சில் அடிக்கக் கையை ஓங்கியபடி ஜக்கம்மா நிலைப்படியில் கால் வைத்தாள். மொக்கம்மாள் திரும்பி, உதட்டின்மேல் விரல் வைத்தாள்.

"மெதுவா வாங்கடி," என்றாள். "இப்பத்தேன் கண்ணசந்தாக."

ஜக்கம்மாவின் கை கீழே இறங்கியது. வாசலில் நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.