சித்தப்பா பேசுகிறேன்

அந்தக் குடும்பத்துக்கு வாராவாரம் ஒரு கஷ்டம் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் யார் டிவி முன்னால் உட்காருவார்கள்? தொப்பை சரிந்த ஓர் அப்பா, எதையும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும் அம்மா, ஒன்பது வருஷமாக அதே வகுப்பில் படிக்கும் பத்து வயதுப் பையன். கார்ட்டூன் என்பதால் யாருக்கும் வயதாவதில்லை. இந்த வாரம் வீடு எரிந்து சாம்பலானாலும் அடுத்த வாரம் புதுப் பெயிண்ட்டோடு நிற்கும்.

அந்த அப்பாவுக்குக் குரல் கொடுக்கிறவர்தான் நம் ஆள். ஸ்டூடியோவில் டைரக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோரும் அவரை "அப்பா" என்றே கூப்பிடுவார்கள். பிள்ளை குட்டி இல்லாத மனிதரை இத்தனை பேர் அப்பா என்பது ஒரு வேடிக்கைதான். நாம் அவரைக் குரல்காரர் என்று கூப்பிடுவோம். அம்மாவுக்குக் குரல் கொடுப்பது அவருடைய சொந்த மனைவி. பையனுக்குக் குரல் கொடுப்பது பேரன் எடுத்துவிட்ட ஓர் அம்மாள். அவளுக்கு ஸ்டூடியோ வைத்த பெயர் பொடியன்.

டைரக்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாருக்கும் முழு ஸ்கிரிப்ட்டைத் தரமாட்டார். அவரவர் வசனம் மட்டும் அச்சடித்து அவரவர் கையில். வந்து, தனியாகக் கண்ணாடி அறைக்குள் நின்று பேசிவிட்டுப் போய்விட வேண்டும். "அடுத்தவன் என்ன சொல்லப்போறான்னு தெரிஞ்சா உங்க குரல் நடிக்க ஆரம்பிச்சிடும்" என்பார். இந்த விதியைக் கணவனும் மனைவியும் வீட்டுக்குள்கூட மீறியதில்லை. ஒளிபரப்பாகும் அன்று சோபாவில் சேர்ந்து உட்கார்ந்து, "அட, நீ இதுக்குத்தான் அப்படிக் கத்தினியா?" என்று சிரித்துக்கொள்வார்கள்.

அன்று காலை குரல்காரர் கையில் வந்த தாள்களின் தலைப்பு "கார்டுக் கடன்." நடைபாதையில் நின்றபடியே புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் கார்ட்டூன் அப்பாவுக்கு பாங்கிலிருந்து போன் வருகிறது. அவன் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு இருமுகிறான்.

"அவன் வீட்ல இல்லைங்க. நான் அவன் சித்தப்பா பேசுறேன். எனக்குக் காது சரியா கேக்காது."

குரல்காரர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். அது அவருடைய வசனம். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, கடன் வசூல்காரியிடம் அவரே சொன்னது. சித்தப்பா, இருமல், கேட்காத காது, ஒன்றும் விட்டுப்போகவில்லை.

இவருக்கு ஏது கடன் என்று கேட்பீர்கள். கார்ட்டூன் போக, ஒரு கம்பெனிக்கு வாராவாரம் செவ்வாய்க்கிழமை விளம்பரம் பேசிக்கொண்டிருந்தார். நல்ல காசு. ஒருநாள் அந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் குரலுக்கு மாறிக்கொண்டது. அதற்குச் சம்பளமும் வேண்டாம், டீயும் வேண்டாம். அன்றைக்கே வீட்டில் சொல்லியிருக்கலாம். மனுஷனுக்கு வாய் வரவில்லை. அடுத்த வேலை கிடைத்ததும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். கிடைக்கவில்லை. அதனால் மாதம் பிறந்தால் கிரெடிட் கார்டில் பணம் எடுத்து, "இந்தா, விளம்பரக் காசு" என்று மனைவி கையில் கொடுத்துவந்தார். அதை அடைக்க இன்னொரு கார்டு. அதை அடைக்க இன்னொன்று. செவ்வாய்க்கிழமைகளில் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய், ஷாப்பிங் காம்ப்ளக்ஸ் பெஞ்சில் சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தார்.

மனைவியின் அண்ணன் ஒருத்தன் கடனை மறைத்து மறைத்தே அவள் பிறந்த வீட்டை விழுங்கியவன். கல்யாணமான புதிதில் அவள் சொல்லிவிட்டாள்: "கடன் வாங்கினா சொல்லிட்டு வாங்குங்க, சேர்ந்து கட்டுவோம். மறைச்சீங்கன்னு தெரிஞ்சா அன்னிக்கே நான் கிளம்பிடுவேன்." சொன்னால் சொன்னதைச் செய்கிற ஜாதி அவள். இருபது வருஷத்தில் அதை அவர் நன்றாகவே பார்த்திருக்கிறார்.

அப்படியானால் சித்தப்பா விஷயம் ஸ்கிரிப்ட்டுக்குள் எப்படி வந்தது? யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார்?

முதல் சந்தேகம் பொடியன் மேல். ஒரு செவ்வாய்க்கிழமை அதே காம்ப்ளக்ஸில் பேரனுக்கு ஷூ வாங்க வந்தவள், பெஞ்சில் இவரைப் பார்த்துக் கையசைத்திருக்கிறாள். சாப்பாட்டு அறையில் அவள் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது எதிரில் போய் உட்கார்ந்தார்.

"என்ன பொடியா, இந்த வாரம் கதை எப்படி?"

"எனக்கென்ன தெரியும்? என் பேப்பர்ல நான் பாட்டுக்குக் கேள்வி கேட்டுக்கிட்டிருக்கேன்."

"என்ன கேள்வி?"

"சொல்லக்கூடாதே." இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வாயில் சோற்றோடு, பத்து வயதுக் குரலில் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, சித்தப்பா தாத்தாவுக்கு ஏம்மா அப்பாவோட இருமல்?"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்தான் அந்த இருமலைக் கேட்டிருக்க முடியும். பக்கத்து வீட்டுப் பால்கனியா? கீழ்வீட்டுக்காரனா? லிஃப்ட்டில் இரண்டு நாளாக அவன் ஒரு மாதிரி சிரித்தானே?

"உங்க மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் பொடியன், சொந்தக் குரலில்.

"தூக்கமில்லை" என்று எழுந்துவிட்டார்.

அடுத்து ரைட்டர். சின்ன வயசுக்காரன், காபி மிஷினுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவன். குரல்காரர் நேராகக் கேட்பாரா? வானிலையில் ஆரம்பித்து, ரைட்டரின் மூட்டுவலி வழியாகச் சுற்றி வளைத்து வந்தார். "சித்தப்பா ஐடியா பிரமாதம். உங்களுக்கே தோணிச்சா?"

"எனக்கு எங்க சார் தோணும்? அக்கா குடுத்தது."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டுக்காரம்மாதான். போன வாரம் இதே இடத்துல நின்னுக்கிட்டு, 'கடன்காரன் போன் பண்ணா சித்தப்பாவா மாறிடுற ஒரு மனுஷன், அதைப் பக்கத்து ரூம்லேருந்து கேட்டுக்கிட்டிருக்கிற பொண்டாட்டி. எப்படி இருக்கும்?'னாங்க. நான் ரெண்டு நாள்ல எழுதிட்டேன்."

குரல்காரர் காபியைக் குடிக்காமலே கப்பைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அதற்கப்புறம் அவர் கண்ணுக்கு எல்லாமே சாட்சியாக மாறிவிட்டது. வீட்டில் பழைய செருப்பையே தைத்துப் போட்டுக்கொள்கிறாளே, அது சிக்கனமா, தெரிந்துகொண்டதன் அடையாளமா? கோடை விடுமுறைக்கு எங்கும் போக வேண்டாம் என்றாளே, உண்மையிலேயே முதுகுவலிதானா? செவ்வாய்க்கிழமை காலை, "இன்னிக்கு விளம்பரமா?" என்று கேட்டபோது குரல் ஒரு படி இறங்கியிருந்ததா? பிழைப்பே குரலாக வைத்திருக்கிற மனிதர், கட்டின மனைவியின் குரலைப் படிக்கத் தெரியாமல் திண்டாடினார்.

கடைசியில் அவருடைய பயம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. அவளுக்கு எவ்வளவு தெரியும்? அது தெரிந்தால் அந்த அளவுக்கு மட்டும் ஒப்புக்கொண்டு தப்பித்துக்கொள்ளலாம். ஒரு கார்டு என்று நினைத்துக்கொண்டிருந்தால் ஒரு கார்டுக்கு அழலாம். கடன்காரனின் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். மன்னிப்பைக்கூடத் தவணையில் வாங்கப் பார்க்கும். பாவம், கெட்டவர் இல்லை. கோழை. எனக்கென்னவோ கெட்டவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

வீட்டில் மூன்று நாள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவள் துணி மடித்தாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், பழைய எபிசோடு ஒன்றைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. கத்தித் தொலைத்தாலாவது தேவலை என்று இருந்தது அவருக்கு.

பதிவுக்குப் போன அன்று டைரக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "பாங்க் ஆபீசரா பேச வேண்டிய பொண்ணு வரலை. அக்காவே அதையும் பேசிடறேன்னுட்டாங்க. போன் சீன் இல்லையா, ஒருத்தர் பேசி முடிக்கறதுக்குள்ள இன்னொருத்தர் பேசணும். அதனால ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போகலாம். அக்கா அந்தப் பக்கத்து ரூம்ல ரெடியா இருக்காங்க."

குரல்காரர் தன் அறைக்குள் நுழைந்து ஹெட்போனை மாட்டினார். இரண்டு அறைகளுக்கும் நடுவில் சுவர். எதிரில் கண்ணாடிக்கு அப்பால் டைரக்டரின் தலை மட்டும் தெரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஹலோ, வணக்கம். பாங்கிலேருந்து பேசறோம்." அப்படி ஒரு குரலை அவர் அவளிடம் கேட்டதே இல்லை. மரியாதையான, சில்லிட்ட குரல்.

"அவன் வீட்ல இல்லைங்க. நான் அவன் சித்தப்பா பேசுறேன்." இருமினார். நன்றாகவே வந்தது. டைரக்டர் கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

தாளில் இருந்தபடி நாலைந்து வரி ஓடியது. கடைசி வரி அவருடையது: "சரிம்மா, அவன் வந்தா சொல்றேன்." சொல்லிவிட்டு விளக்கு அணையக் காத்திருந்தார்.

"ஒரு நிமிஷம், சித்தப்பா" என்றது ஹெட்போன். "உங்க அண்ணன் மகன் செவ்வாய்க்கிழமையானா எங்க போறாரு?"

தாளைப் பார்த்தார். அதற்குக் கீழே வெள்ளையாக இருந்தது.

"வேலைக்கு... விளம்பரம் பேச."

"அந்தக் கம்பெனிக்கு நாங்களே போன் பண்ணினோம், சித்தப்பா. அவரு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சாம்."

டைரக்டர் நிறுத்துவார் என்று பார்த்தார். அவரோ கண் விரிய முன்னால் சாய்ந்து, பேசுங்க பேசுங்க என்று கையைச் சுழற்றினார். சொந்தமாகச் சேர்த்துப் பேசுகிறார்கள் என்று அவருக்குக் கொண்டாட்டம்.

"அவன்கிட்ட ஒரு கார்டு இருக்கும்மா" என்றார் குரல்காரர், இன்னும் சித்தப்பாவாகவே. "கொஞ்சம் பாக்கி. கட்டிடுவான்."

"ஒண்ணுதானா?"

"ரெண்டு."

அவள் அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கு எத்தனை தெரியும்? இரண்டோடு நிறுத்தலாமா? சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வேகமாக, சீராக இல்லாமல். குரலை மாற்றத் தெரிந்தவளுக்கும் அதை மறைக்க முடியவில்லை. அவள் விசாரிக்கவில்லை, இவர் இப்போதும் மறைத்துவிடுவாரோ என்று பயந்துபோயிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் தன் பயத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வெட்கமாக இருந்தது.

"மூணு" என்றார். சித்தப்பா எங்கோ போய்விட்டிருந்தார். "மூணுலயும் லிமிட் முழுசா தீந்துபோச்சு. வேலை போனதைச் சொல்ல வாய் வரலை. மாசாமாசம் விளம்பரக் காசுன்னு குடுத்தது எல்லாம் கார்டுலேருந்து எடுத்தது. வட்டியோட சேர்த்து, நம்ம ரெண்டு பேரோட ஒன்றரை வருஷச் சம்பளம் இருக்கும்."

 பிறகு அந்த ஆபீசர் குரல், விளிம்பில் லேசாகக் கீறல் விழுந்து, கேட்டது:

"இதையெல்லாம் வீட்ல சொல்லிட்டீங்களா, சார்?"

"இப்பத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

டைரக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார். மைக்கில் அவர் குரல் துள்ளியது. "அப்பா! பிரமாதம்! ஒன்பது வருஷத்துல இப்படி ஒரு டேக் வந்ததில்லை. ஒரே ஒரு விஷயம். மூணு கார்டு, ஒன்றரை வருஷச் சம்பளமெல்லாம் ரொம்ப ஓவர். அதுவும், கார்டுல எடுத்துச் சம்பளம்னு பொண்டாட்டிகிட்ட குடுத்தானாம்! எவனாவது செய்வானா? ஜனங்க நம்பமாட்டாங்க. ஒரு கார்டு, ஏதோ சின்னத் தொகைன்னு குறைச்சு இன்னொரு தடவை போயிடலாம்."

குரல்காரர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

"குறைக்க வேணாம், சார்." ஆபீசர் குரல் இல்லை, கார்ட்டூன் அம்மாவின் குரலும் இல்லை. தினமும் காலையில் அவரை எழுப்புகிற குரல், அழுதுகொண்டிருந்தது. "நான் நம்பறேன்."

டைரக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திருதிருவென்று விழித்தார். ஒரு அறையைப் பார்த்தார், மறு அறையைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார்.

"ஏங்க" என்றாள் அவள். "நான் கிளம்பறதா வேண்டாமான்னு அப்புறம் யோசிச்சுக்கறேன். முதல்ல முதல் மாசத்திலேருந்து சொல்லுங்க. எதையும் விடாம."

அவர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்துவிட்டு, முதல் மாதத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.