படகில் இருந்தவர்

மோட்டாரின் அப்பா பயிற்சி மையத்துக்கு வந்து சேர்ந்தபோது நாங்கள் கதை கேட்க ஆள் தேடிக்கொண்டிருந்தோம். பைபிள் மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ஒரு சட்டம் உண்டு. எழுதியதை, அந்தக் கதையை முன்பின் கேட்டிராத ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் திருப்பிச் சொல்வார். தப்பாகச் சொன்னால் தப்பு எழுதியவருடையது. நடுவில் விளக்கம் கொடுக்கவே கூடாது. மையத்து வாட்ச்மேனும் சமையல்கார அக்காவும் வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, நாங்கள் வாயைத் திறப்பதற்குள் முடிவைச் சொல்லிவிடுகிறார்கள்.

மோட்டார் என்பது என் தோழிக்கு நான் வைத்த பெயர். தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக்கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் கடையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவள். அம்மா போன பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். இவளும் இங்கே வந்துவிட்டதால், பகலில் கடைக்கு வரும் ஓர் உதவியாளைத் தவிர அவருக்குப் பேச்சுத் துணை கிடையாது. பயிற்சி முடிந்ததும் அவள் எங்கோ ஒரு மலைக்கிராமத்தில் தங்கி, அந்த மக்களின் பாஷையைப் படித்து எழுத வேண்டும். வருஷங்கள் பிடிக்கிற வேலை. அப்பா சரி என்று சொல்லாமல் போகமாட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவரோ, திரும்பிப் போக இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பஸ்ஸுக்கு நேரம் இருக்கேப்பா, ஒரு கதை கேக்கறீங்களா?" என்றேன். மோட்டார் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். ஆனால் எங்களுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். மனைவியையும் மகளையும் ஞாயிறுதோறும் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, பாட்டு முடியும்வரை வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர்.

வகுப்பறைக்குள் வந்ததும் சுற்றாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "காயில் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் வாசித்தாள். சின்னப் பகுதிதான். அண்ணன் தம்பி இரண்டு பேர் படகில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்கிறார்கள். கரையோரமாக வந்த இயேசு கூப்பிடுகிறார். அவர்கள் உடனே அப்பாவைப் படகில் விட்டுவிட்டு அவர் பின்னால் போகிறார்கள். கடைசி வரிக்கு வரும்போது அவள் குரல் உள்ளே போய்விட்டது. இத்தனை நாள் அடித்து அடித்து எழுதியும் எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் இது உறைக்கவில்லை.

"இப்ப கேட்டதை உங்க வார்த்தையில சொல்லுங்கப்பா" என்றேன்.

"ஒரு அப்பா படகுல உக்காந்திருக்கார். பசங்க கூட இருக்காங்க. ஒருத்தர் வந்து கூப்பிட்டார், பசங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க." கொஞ்சம் யோசித்தார். "ஒத்தை ஆளா அவர் அந்த வலையை எப்படி இழுப்பார்?"

அவர் சொன்னதை எழுதுவது என் வேலை. எழுதிவிட்டு மூலத்தைப் பார்த்தேன். அங்கே அப்பாவோடு கூலியாட்களும் இருந்தார்கள். அவள் அவர்களை விட்டுவிட்டிருந்தாள். காட்டினேன். திருத்தி மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை அப்பா கூலியாட்களோடு படகில் இருந்தார்.

"சரி, ஆளுங்க இருந்திருக்காங்க" என்று தலையாட்டினார். பிறகு, யாரிடமும் சொல்லாததுபோல, "கூலிக்கு வந்தவன் சாயங்காலமானா வீட்டுக்குப் போயிடுவான்" என்றார்.

சட்டமாவது ஒன்றாவது, இவள் ஏதாவது சொல்லித் தொலைக்கமாட்டாளா என்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் பசங்க அவரைப் பாக்க வந்தாங்களா?"

"இதுல எழுதலப்பா."

"வந்தாங்கன்னு நீ சேத்துக்கலாமா?"

"கூடாதுப்பா."

"அப்ப சேக்காத."

பஸ் நிலையத்துக்கு மூன்று பேரும் நடந்தே போனோம். மோட்டார் வெறுங்கையோடுதான் வந்தாள். பெட்டி எங்கே என்று அவர் கேட்கவில்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் தன் பையை வைத்துக்கொண்டார். அவள் கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். கூட்டத்தில் குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்த ஒரு பெண், "இங்க ஆள் இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அவர் கம்பியைப் பிடித்திருந்த மகளின் விரல்களைப் பார்த்தார். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. உக்காரு."