பதினோரடி அறையின் சுவர்

ஆனையூரில் பாண்டிமீனா வீட்டுப் படுக்கையறைச் சுவரில், பால் காய்ச்சிய ஒன்பதாம் நாள், மிளகளவு ஊதாப் புள்ளி ஒன்று வந்தது. அதில் கை வைத்துத் தள்ளினால் சுவர் நகர்ந்தது. புள்ளி அவளுக்குப் புதிதல்ல. கட்டட வரைபட மென்பொருளுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவதுதான் அவள் பிழைப்பு. திரையில் சுவரின் மேல் ஒரு புள்ளி வைப்பாள்; அதை இழுத்தால் அறையின் நீளம் மாறும். ஹாட்ஸ்பாட் என்பார்கள். மனையடி பார்க்காமல் நம்மூரில் ஆணிகூட அடிக்க மாட்டார்கள் என்பதால், ஆகிவந்த அளவுகளில் மட்டும் புள்ளி நிற்கும்படி எழுதியிருந்தாள்: எட்டு, பத்து, பதினொன்று, பதினாறு. தன் வீட்டையும் அதே ஸ்கிரிப்டில்தான் வரைந்தாள்.

ஒரு விரற்கடை நகருமா என்று பார்க்கத்தான் தள்ளினாள். அறை பதினோரடி; அதற்கு மேல் பதினைந்து வரை ஆகாத அளவுகள். சுவர் நேரே பதினாறுக்குத் தாவி, பக்கத்து வீட்டு நாகமணியின் ஐந்தடிச் சந்து முழுவதையும் முழுங்கிவிட்டது. நாகமணி அடுக்களைக் கதவைத் திறந்தால் எதிரே செங்கல். இரண்டே நிமிடத்தில் பாண்டிமீனா சுவரைத் திரும்ப இழுத்துவிட்டாள். ஆனால் நாகமணி பார்த்தாயிற்று.

“பிளான் போட்டதே நீங்கதானே? இம்புட்டும் தெரியாமலா நடக்குது?” என்றார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் டேப் பிடித்துச் சந்தின் அகலத்தை அளந்தார். சரியாக ஐந்தடி இருந்தது. சரியாக இருந்ததே சந்தேகத்தைக் கூட்டியது. அவர் மனு கொடுத்து வரவழைத்த சர்வேயர், ‘சுவர் நகரக்கூடியது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார்.

பாண்டிமீனாவின் வம்சத்தில் யார் பேரிலும் ஒரு சென்ட் இருந்ததில்லை. எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். முதல் பத்திரமே அவள் பேரில்தான். அவளைப் போய் நிலந்திருடி என்றது தெரு. அவமானத்தில் அழுதாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தாள். புள்ளியை அழித்துப் பார்த்தாள், சுவரில் அழியவில்லை. இடம் மாற்றினாள், மாறியது. சுவரின் வெளிப்பக்கம், நாகமணியின் சந்தில் கொண்டுபோய் வைத்தாள்.

“இனிமே உங்க கையிலதான் இருக்கு. என்னால அசைக்க முடியாது.”

“இதுல என்ன சூட்சுமம் வச்சிருக்கீங்க?” என்றார் நாகமணி. ஒரு மாதம் தொடவேயில்லை.

புது ஃப்ரிட்ஜை அடுக்களை வாசலில் திருப்பச் சந்து போதாத அன்று தள்ளினார். பாண்டிமீனாவின் அறை எட்டடியானது. மூன்று நாள் திருப்பவில்லை. பாண்டிமீனா உள்ளுக்குள் கருவினாள். நாலாம் நாள் சுவர் பதினொன்றுக்கு வந்தது, பின்னாலேயே ஒரு டப்பாவில் புளியோதரையும் வந்தது.

இப்போதெல்லாம் நாகமணி வீட்டில் விசேஷம் என்றால் சந்து பற்றாது. சுவருக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வரும்: “மீனா, காலை மடக்கிக்க, தள்ளப்போறேன்.”

அவள் காலை மடக்கிக்கொண்டு, திரும்பிப் படுத்துவிடுவாள்.