சிவப்பு பஸ்ஸும் பச்சை பஸ்ஸும்

ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிறவர் என்று வில்ஃப் கிரிம்ஷாவை ஆல்டர்ஷா ஊரில் யாரும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர் அவர். யார் வீட்டிலாவது காய்ச்சல் என்றால் மூடி போட்ட பாத்திரத்தில் சூப் எடுத்துக்கொண்டு நடப்பார். ஆனால் பஸ் என்று வந்தபோது அவருக்கும் கண் இரண்டு விதமாகத்தான் பார்த்தது.

அவருடையது பச்சை மாடி பஸ். 1949-ல் கட்டியது. பணிமனையில் மெக்கானிக்காக இருந்த காலத்தில் அவரே அதற்குக் கிரீஸ் போட்டிருக்கிறார். கழித்துப்போட்ட பிறகு ஒரு பண்ணைக்காரன் அதை வாங்கிக் கோழி அடைத்து வைத்திருந்தான். வில்ஃபும் நண்பர் நோரிஸும் அதை மீட்டுக் கொண்டுவந்து, மூடிக்கிடந்த பஞ்சாலையின் பின்கொட்டகையில் நிறுத்தினார்கள். கோழி எச்சத்தைச் சுரண்டவே மூன்று மாதம் ஆயிற்று. தகரத்தைப் பிரித்தால் உள்ளே மரச்சட்டங்கள் ஊறிய ரொட்டி போலக் கையோடு வந்தன. ஒவ்வொன்றாக இழைத்து மாற்றினார்கள். சனிக்கிழமை தவறாமல் பதினைந்து வருஷம்.

பதினாறாவது ஜனவரியில் வில்ஃப் ஒரு தவறு செய்தார். இன்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீரை வடிக்க மறந்து வீட்டுக்குப் போனார். அன்று இரவு கடும் உறைபனி. காலையில், உள்ளே தண்ணீர் உறைந்து, இன்ஜினின் இரும்பு உடம்பு மேலிருந்து கீழாக வெடித்துக் கிடந்தது. அந்த மாதிரி இன்ஜின் இனி எங்கும் செய்வதில்லை. வேண்டுமானால் இன்னொரு பஸ்ஸின் வயிற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, பழைய பஸ் வைத்திருப்போர் சங்கத்தின் செய்திமடலில் ஒரு விளம்பரம் வந்தது. ‘1950 மாடி பஸ், சிவப்பு. நல்ல வீட்டுக்கு மட்டும்.’

மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். மியூரியல் ஹாவொர்த் என்ற கிழவி தானியக் கொட்டகையின் கதவைத் தள்ளித் திறந்தாள். அவள் கணவன் ஸ்டான் முப்பது வருஷம் டிரைவர். தான் ஓட்டிய பஸ்ஸையே விலைக்கு வாங்கி, பாதி வேலை முடித்தபோது நெஞ்சு அடைத்துப் போய்விட்டான். கீழ்த்தட்டு இருக்கைகளுக்கெல்லாம் மியூரியலே உறை தைத்திருந்தாள்.

வில்ஃப் குனிந்து இன்ஜினைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"நேத்து ஒருத்தன் வந்தான். பழைய இரும்பு யாவாரி," என்றாள் மியூரியல். "‘நீங்க கேக்கறதப்போல ரெண்டு மடங்கு தர்றேன்’னான். ‘வாங்கி என்னப்பா பண்ணுவே’ன்னு கேட்டேன். ‘உடைப்பேம்மா, வேற என்ன பண்ண’ன்னான். போய்ட்டு வாப்பான்னு அனுப்பிட்டேன். நீங்க சபையில தட்டு பிடிக்கறவராமே?"

"ஆமாம்மா."

"அப்ப ஒரே ஒரு வார்த்தை குடுங்க தம்பி. இது ரோட்ல ஓடணும். எப்பன்னு கேக்கமாட்டேன்."

"ஓட வைக்கிறேம்மா," என்றார் வில்ஃப்.

சொல்லும்போது அவருக்கு வாய் கூசவில்லை என்பதுதான் வேதனை. முதலில் பச்சை, பிறகு சிவப்பு, இரண்டையும் ஓட்டிவிடலாம் என்று அந்த நிமிஷத்தில் உண்மையாகவே நினைத்தார். நமக்கு வேண்டியதை நாம் கேட்டுவிட்டால் மனசு எவ்வளவு சீக்கிரம் தலையாட்டிவிடுகிறது!

திரும்பி வரும் வழியில் நோரிஸ் சிரித்தார். "உனக்கு அறுபத்தாறு வயசாச்சு. ஒரு பஸ்ஸுக்குப் பதினஞ்சு வருஷம். இன்னொன்ன யாருடா முடிப்பா, உன் ஆவியா?"

"இன்ஜின மட்டும் கடன் வாங்கிக்கலாம்டா."

"யார்கிட்ட கடன்? கெழவிகிட்டயா, பஸ்கிட்டயா?" நோரிஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் பண்றதுதான். ரெண்டு ஓட்டைய சேத்தா ஒரு பஸ்ஸு. இதுக்கெல்லாம் ஜெபக்கூட்டம் வைக்காத."

சிவப்பு பஸ்ஸையும் ஆலைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் இன்ஜின் மட்டும் பச்சைக்கு வந்தது. அடுத்து கியர் பாக்ஸ், அதுவும் பச்சையில் இருந்ததைவிட நன்றாக இருந்ததால். பின் அச்சு வந்தது, படிக்கட்டு வந்தது, ஜன்னல் கண்ணாடிகள் வந்தன. மியூரியல் தைத்த உறைகளோடு இருக்கைகள் வந்தன. இரண்டாம் குளிர்காலத்தில் கொட்டகையில் மிஞ்சியது ஒரு சிவப்புக் கூடு மட்டும். மழை உள்ளேயே பெய்தது. இடம் அடைக்கிறது என்று நோரிஸ் சொல்ல, ஒரு செவ்வாய்க்கிழமை கேஸ் கட்டர் வைத்து அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். வில்ஃப் அன்று பல்வலி என்று வீட்டில் இருந்தார். பல் வலிக்கவில்லை.

கிறிஸ்துமஸ்தோறும் மியூரியலிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது. கீழே, நடுங்கும் எழுத்தில், ‘பஸ் எப்படி இருக்கிறது?’ என்று ஒரு வரி. வில்ஃபும் தவறாமல் பதில் போட்டார். முதல் வருஷம், ‘வேலை மும்முரமாக நடக்கிறது.’ இரண்டாம் வருஷம், ‘இன்ஜின் அருமையாக இருக்கிறது.’ மூன்றாம் வருஷம், ‘இருக்கைகளை எல்லாரும் பாராட்டுகிறார்கள்.’ ஒரு வரிகூடப் பொய்யில்லை. முழுப் பூசணிக்காயையும் அப்படித்தான் சோற்றில் மறைத்தார்.

அதற்கடுத்த செப்டம்பரில் சங்கத்தின் திருவிழா. பதினெட்டு வருஷ வேலைக்குப் பிறகு பச்சை பஸ் முதன்முதலாக ரோட்டுக்கு வருகிறது. பூங்கா வாசலில் ஜனங்கள் வரிசை கட்டி நின்றார்கள். வில்ஃப் பழைய சீருடையை இஸ்திரி போட்டு அணிந்து, டிரைவர் இருக்கையில் ஏறக் கால் எடுத்து வைத்தபோது வரிசையில் மியூரியலைப் பார்த்தார்.

பத்திரிகையில் செய்தி படித்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கையில் துணிப்பை. நல்ல உடுப்பு, முத்துமாலை.

"தம்பி! இது பச்சையா இருக்கே," என்றாள். "எங்களது எங்க?"

வில்ஃப் எடுத்து வைத்த காலைக் கீழே இறக்கினார். நோரிஸ் குறுக்கே வந்தார். "அது கொட்டகையில இருக்கும்மா. பெயின்ட் அடிச்சு காயப் போட்டிருக்கோம். அடுத்த வருஷம் அதுதான் முதல்ல போகும். வேணும்னா பாருங்க!"

"அதானே!" மியூரியலின் முகம் மலர்ந்தது. "வழியெல்லாம் மனசு அடிச்சுக்கிச்சு. என் பொண்ணு வேற, ‘யாரை நம்பிக் குடுத்தியோ’ன்னு தினம் பாட்டு பாடறா." வில்ஃபின் கையை எடுத்து இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். "கடவுள்தான் உங்கள அனுப்பினாரு தம்பி. ராத்திரி ஜெபத்துல ஸ்டானுக்கு அடுத்தது உங்க பேருதான்."

நோரிஸ் கண்ணைக் காட்டினார்: வாயை மூடு. எண்பது வயசுக்காரி. அடுத்த செப்டம்பருக்கு இருப்பாளோ மாட்டாளோ. சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இதையும் கருணை என்றே சொல்லலாம். ஆனால் தன் பெயர் தினமும் ஜெபத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்பதை வில்ஃபால் தாங்க முடியவில்லை.

"அம்மா," என்றார். "கொட்டகையில ஒண்ணுமில்ல. உடைச்சுட்டோம். இன்ஜினு, கியர் பாக்ஸு, சீட்டு எல்லாம் இதுக்குள்ள இருக்கு. மிச்சத்த அறுத்து இரும்புக்குப் போட்டாச்சு. ஒன்றரை வருஷமாச்சு."

மியூரியல் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தாள். பஸ்ஸின் பின்பக்கத் திறந்த மேடையில் ஏறி, கீழ்த்தட்டில் முதல் இருக்கையின் ஓரத்தைத் தடவினாள். அவளுடைய தையல்தான். உட்காரவில்லை. இறங்கி வந்தாள்.

"அந்த இரும்பு யாவாரி," என்றாள், "உடைப்பேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னான். அவனை வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிட்டேன். ஒரு டீகூடக் குடுக்கல."

"மன்னிச்சுடுங்கம்மா."

"வண்டி போனா போவுது. ஸ்டானே போயாச்சு. மூணு கிறிஸ்துமஸ் தம்பி. அட்டையப் பிரிக்கறதுக்கு முன்னாடி மூக்குக்கண்ணாடிய தொடச்சுக்குவேன், நல்லாப் படிக்கணும்னு."

வரிசையில் யாரோ, "என்னப்பா, வண்டி கெளம்புமா, கோழி முட்டையிடணுமா?" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

"நீ ஓட்டு," என்றார் வில்ஃப் நோரிஸிடம்.

"பைத்தியமா உனக்கு? பதினெட்டு வருஷம்டா!" என்றார் நோரிஸ்.

வில்ஃப் அதற்குள் மியூரியலுக்குப் பின்னால் நடந்துவிட்டார். துணிப்பையை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. சாதாரண பஸ் நிறுத்தம் பூங்காவின் எதிரே இருந்தது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம். அவரும் அவளோடு நின்றார்.

பச்சை பஸ் மணியடித்துக்கொண்டு கடந்து போனது. இன்ஜின் அருமையாகத்தான் இருந்தது. மேல்தட்டுப் பிள்ளைகள் கையசைத்தார்கள். மியூரியல் பதிலுக்குக் கையசைத்தாள். பிள்ளைகள் என்ன பாவம் செய்தன?

பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். முட்டை வைத்த ரொட்டி, இரண்டு பங்கு. இரண்டாவது பங்கு யாருக்காகக் கொண்டுவந்தது என்று வில்ஃப் கேட்கவில்லை.

"காலையிலேர்ந்து சாப்பிட்டிருக்கமாட்டீங்க," என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே. "பிடிங்க. பசியோட நிக்கறவர் முன்னாடி தனியாத் தின்ன எனக்குத் தெரியாது."

அவர் வாங்கிக்கொண்டார். வாயில் வைத்தார். அவள் திட்டியிருந்தால் விழுங்கியிருக்கலாம், இது இறங்கவில்லை.

அவளுடைய பஸ் வந்தது. படி உயரம். முழங்கால் வலியோடு ஏறுவதற்காக, ஒரு நிமிஷம் பையை அவரிடம் கொடுத்தாள். உள்ளே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டதும் கை நீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள், வழியில் உதவிய யாரோ ஒருவருக்குச் சொல்வது போல. கதவு மூடிக்கொண்டது.