டாலர் ஏறிய பருவம்

"வைரக்கண்ணு, நீ இனிமே வயல்ல இறங்க வேணாம். நானே பயிர் வச்சுக்கறேன்" என்றார் பஞ்சநதம், காபியை ஆற்றிக்கொண்டே.

கொல்லை வாசலுக்கு வெளியே நின்ற வைரக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். "நாத்து விட்டாச்சுங்களே, ஐயா" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி அம்சம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாபநாசத்தை ஒட்டிய அந்த நிலத்தை வைரக்கண்ணு தன் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்குப் பயிரிட்டு வந்தார். எல்லாம் வாய்ப்பேச்சுதான். காலனித் தெருக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது பஞ்சநதத்தின் குடும்பத்தில் வழக்கமில்லை.

அடுப்படியில் இட்லி எடுத்துக்கொண்டிருந்த பஞ்சநதத்தின் மகள் குந்தவைக்கு எல்லாம் கேட்டது. அரிசி ஏற்றுமதி செய்யும் ஆலையில் அவளுக்கு அலுவலக வேலை. முந்தின நாள் சாப்பிடும்போது அவள்தான் பெருமையாகச் சொன்னாள்: "டாலர் ஏறிக்கிட்டே போகுதுப்பா. வெளிநாட்டுக்காரனுக்கு நம்ம அரிசி மலிவாப் படுது. ஆர்டர் குவியுது, ஆலைக்கு நெல்லு பத்தல. இந்தத் தடவ நல்ல விலை போகும்."

அப்பா பதில் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். அவர் மௌனத்துக்கு இப்போது அர்த்தம் புரிந்தது.

சில வருடங்களுக்கு முன்னாலும் டாலர் ஏறியது. கப்பலில் வரும் பொட்டாஷ் விலை கூடியபோது குத்தகையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டார் வைரக்கண்ணு. உரம் வாங்குவது உன் பாடு என்று சொல்லிவிட்டார் அப்பா. நஷ்டம் வந்தபோது நிலம் வைரக்கண்ணுவுடையது. லாபம் தெரிந்ததும் அப்பாவுடையது. இதைக் கேட்டுவிட வேண்டும் என்று குந்தவைக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தாள்.

அந்த வாரம் ஆலையில் பெரிய ஆர்டர் கிடைத்ததற்கு இனிப்புக் கொடுத்தார்கள். அவள் தன் பங்கை மேசை இழுப்பறையில் வைத்து மூடினாள்.

குத்தகைதாரராகத் தன்னைப் பதியக் கேட்டு வைரக்கண்ணு தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். விசாரணையில் பஞ்சநதம், அவர்கள் கூலிக்கு வந்தவர்கள் என்று கூசாமல் சொன்னார். சாட்சி சொல்ல ஊரில் ஒருவரும் வரவில்லை. நிலம் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு குத்தகைக்காரன் இருந்தான்.

வேலைக்கு லீவு போட்டுவிட்டு குந்தவை உள்ளே வந்தாள். நீங்கள் யார் என்று அதிகாரி கேட்டார்.

"அவரோட பொண்ணு. எங்கப்பா அந்த வயல்ல இறங்கி நான் பாத்ததே இல்ல சார். வைரக்கண்ணு அண்ணனும் அம்சம் அக்காவும்தான் பயிர் வச்சாங்க. குத்தகை நெல்லு எங்க வீட்டுக்கு வரும். அதைச் சாப்பிட்டுத்தான் நான் படிச்சேன்."

அண்ணன், அக்கா என்று அவர்களை அவள் அழைத்தது அதுவே முதல் முறை. பஞ்சநதம் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். எழுந்து வெளியே போய் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

விசாரணை முடியும்வரை வைரக்கண்ணுவை யாரும் தடுக்கக் கூடாது என்று அதிகாரி சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் வைரக்கண்ணு கைகூப்பினார். அம்சம் கூப்பவில்லை.

"நாத்து முத்திப் போச்சு, பாப்பா. நட்டாலும் பாதிதான் வெளையும். இதை அன்னைக்கே வீட்டுல சொல்லியிருந்தா நாங்க நட்டு முடிச்சிருப்போம்."

"ஆமாக்கா" என்றாள் குந்தவை.