கடைசித் தட்டு

...இல்லை, கடித்தது தப்புதான், யார் இல்லையென்று சொன்னது, அந்தப் பையனின் கையில் நாலு பல்லும் பதிந்து சிவந்திருந்ததை அவளும்தான் பார்த்தாள், ஆனால் அதற்காக எட்டு வயதுக் குழந்தையைப் பள்ளியை விட்டே அனுப்புவார்களா என்ன... பள்ளிச் சமையல்காரி பெரிய அண்டாவைச் சாய்த்துப் போட்டு, தோள் வரை கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரிய டீச்சர் அறையில் இந்நேரம் பேச்சு ஆரம்பித்திருக்கும். சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற தாய்க்காரி பாதி வேலையில் ஓடி வந்திருந்தாள், விரலெல்லாம் சோப்பில் ஊறி வெளுத்திருந்தது பாவம். அடங்காத பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி இருக்கிறதாம், ஊரின் அந்தக் கோடியில், அங்கே மாற்றப்போகிறார்களாம். அங்கே மதியச் சாப்பாடு கிடையாது. அதை யாராவது யோசித்தார்களா? “சாப்பாடு போட்டா பிள்ளைங்க அமைதியாயிடும்னு சொன்னாங்க, இது எங்க அமைதியாச்சு?” என்று வகுப்பு டீச்சர் எல்லார் முன்னாலும் கேட்டபோது இவள் கரண்டியும் கையுமாகக் கல் மாதிரி நின்றாள். நம்மிடம் யார் அபிப்பிராயம் கேட்டார்கள்.

ஆனால் அமைதியாகத்தானே ஆனாள் எலிக்குட்டி... முன்பல் இரண்டும் பெரிதாக இருக்கும், அதனால் அந்தப் பெயர், இவளே செல்லமாக வைத்தது, இப்போது அதுவே வினையாகிவிட்டது. பள்ளி திறந்த புதிதில் எப்படி இருந்தாள், வாயோரம் புண், சாயங்காலமானால் தலைவலி, முதல் பாடத்திலேயே மேஜையில் கவிழ்ந்து தூக்கம், எழுப்பினால் சிடுசிடுப்பு. மதியச் சோறும் பருப்பும் முட்டையும் விழ ஆரம்பித்து மூன்று மாதத்தில் புண் ஆறியது, கன்னம் கொஞ்சம் பூசினாற்போல ஆனது, எடை பார்க்க வந்த நர்ஸ் நம்பாமல் எடை முள்ளை இரண்டு தடவை பார்த்தாள். “ஆளே மாறிட்டா, அக்கா, கணக்கெல்லாம் டக்குடக்குனு போடறா!” என்று சொன்னதும் இதே டீச்சர்தான், எங்கே போயிற்று அந்த வாய்? பிறகு எங்கிருந்து வந்தது இந்தக் கடி? அப்பன் வீட்டை விட்டுப் போனதால் என்றார்கள், வளர்ப்பு சரியில்லை என்றார்கள், இவளும் சேர்ந்து தலையாட்டினாள், அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. வகுப்பில் கடிக்கவில்லை, விளையாடும்போதும் கடிக்கவில்லை. இரண்டு மாதமாக, சாப்பாட்டு வரிசையில் மட்டும்...

இரண்டு மாதம். தேய்த்த கை நின்றது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தானே இவள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ இனிமே கடைசியா வா, கண்ணு, யாருக்கும் தெரியாம ரெண்டு கரண்டி கூடப் போடறேன்” என்றாள். மற்ற பிள்ளைகள் பார்த்தால் எனக்கு உனக்கு என்று கையை நீட்டும், கடைசி ஆளுக்குப் போட்டால் யார் பார்ப்பது, பெரிய புத்திசாலித்தனம் செய்ததாக நினைப்பு! அண்டாவுக்குள் இருந்த கரண்டியை எடுத்து அடியில் ஒரு இழுப்பு இழுத்தாள். கரகரவென்று வெறும் பாத்திரச் சத்தம். இருநூற்று நாற்பது பேர் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடி, இந்தச் சத்தம் கிட்டக் கிட்ட வருவதைக் கேட்டபடி நின்றால் எப்படி இருக்கும்? வீட்டில் சட்டி காலியாகிற சத்தத்தைக் கேட்டே வளர்ந்த குழந்தைக்கு? இவள் முன்னாலேயே ஒரு தட்டு நிறைய எடுத்து மூடி வைத்திருப்பது இவளுக்குத் தெரியும், நேற்றுக் கிடைத்தது இன்றைக்கும் மிஞ்சும் என்று அவளுக்கு எப்படித் தெரியும், தினமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதானே நின்றிருப்பாள். இன்றைக்கு அந்தப் பையன் இரண்டாம் தடவை வாங்க வந்து அவள் முன்னால் நுழைந்தான், கரண்டி அடி தட்டியது, கடித்துவிட்டாள். கடிக்காமல் என்ன செய்வாள்?

ஈரக்கையோடு தாழ்வாரத்தில் நடந்தாள். போய்ச் சொல்லிவிட வேண்டும், குழந்தை மேல் தப்பில்லை, நான்தான் கடைசியில் நிறுத்தினேன் என்று. யாருக்கும் கூடப் போடக்கூடாது என்பது உத்தரவு, வேலை போனாலும் போகட்டும்... பிறகு ஏன் பாதியில் நின்றுவிட்டாள்? வேலைக்குப் பயமா? வேறு இடத்தில் பாத்திரம் கழுவினாலும் ஒரு வயிறு கழுவலாம். சரி, மூடி வைத்த தட்டை முதல் ஆளாக வரச்சொல்லிக் கொடுத்திருக்கலாமே, பள்ளி மணிக்கு முன்னால் கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாமே, வழியா இல்லை? ஏன் கடைசியில் வரச்சொன்னாய், நிஜத்தைச் சொல்... கடைசியில் வந்தால் மற்ற பிள்ளைகள் போயிருக்கும், கூடம் காலியாக இருக்கும், அவளும் இவளும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம். மகன் கடல் தாண்டிப் போய் ஆறு வருஷம். வீட்டு அடுப்பைப் பற்றவைத்தே எத்தனை நாளாயிற்று. ஊருக்கே வடித்துக் கொட்டுகிறவள் ஒரு வாய்க்குத் துணை தேடி ஒரு குழந்தையைப் பட்டினி வரிசையின் வாலில் நிறுத்தியிருக்கிறாள். சீ, என்ன மனுஷி நான்.

அறைக்கு வெளியே பெஞ்சில் எலிக்குட்டி தனியாக உட்கார்ந்திருந்தாள், அழுது முடித்த முகம். கதவுக்குப் பின்னால் தாய்க்காரி, “வீட்டுல ஒரு ஈ எறும்பைக்கூட அடிச்சதில்லீங்க டீச்சர்” என்று கெஞ்சுவது கேட்டது. நாற்காலி நகரும் சத்தம், முடிவு செய்துவிட்டார்களோ. குழந்தை நகர்ந்து இடம் விட்டாள். இவள் உட்காரவில்லை.

“பெரியம்மா.”

“என்னடா?”

“நாளைக்கு ஒரே ஒரு நாள் நான் முன்னாடி வந்து வாங்கிக்கட்டா? நீங்க வர்ற வரைக்கும் சாப்பிடாம வெச்சிருக்கேன். நீங்க தனியா சாப்பிட வேணாம்.”

அப்படியானால் இத்தனை நாளும் யார் யாருக்குத் துணைக்கு இருந்தது... கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள், ஈரக்கை, வழுக்கியது.