நாக்கில் வைத்துப் பார்த்த சவுக்காரம்

வண்ணார்பேட்டை இசக்கியப்பன் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதற்கென்று காய்ச்சிய பிள்ளைச் சவுக்காரத்தை வாங்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. இதில் என்ன கொழுப்பு சேர்த்திருக்கிறது? டவுனிலிருந்து வந்த பிள்ளைமார் வீட்டுக்காரர் மாட்டுக் கொழுப்பு உண்டா என்று கேட்டார். மேலப்பாளையம் ஜவுளி வியாபாரி முகம்மது இப்ராஹிம் பன்றிக் கொழுப்பு உண்டா என்று கேட்டார். அக்கிரகாரத்திலிருந்து ஆள் அனுப்பி, எந்தக் கொழுப்பும் வேண்டாம், கொழுப்பு பட்ட சட்டியில் காய்ச்சியதாகக்கூட இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இசக்கியப்பன் நெல்லையப்பர் சன்னதியில் நின்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டார். தேங்காய் எண்ணெய், இலுப்பை எண்ணெய், இரண்டைத் தவிர வேறு எண்ணெயோ கொழுப்போ கிடையாது.

சத்தியத்தில் பொய்யில்லை. ஆனால் எண்ணெயை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சவுக்காரம் காய்ச்ச முடியாது. அதற்குச் சோடாக்காரம் வேண்டும். வெள்ளை வெளேரென்று இருக்கும்; ஈரக் கையால் தொட்டால் தோலை உரித்துவிடும். தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கித் தகர டப்பாவில் வரும் சீமைச் சரக்கு அது. அதைப் பற்றி ஒருவராவது ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே! ஊரெல்லாம் சுதேசிப் பேச்சாக இருந்த வருஷம். சீமைச் சோப்பை வாய்க்காலில் வீசிவிட்டு வந்தவர்களிடம், உள்ளூர்ச் சவுக்காரத்துக்குள்ளும் சீமைதான் உட்கார்ந்திருக்கிறது என்று யார் போய்ச் சொல்வது? பாவம், அவர்கள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று இசக்கியப்பனும் விட்டுவிட்டார்.

அவர் மனைவி உலகம்மாளுக்கு இந்தக் கேள்வி பதில்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பது பிடித்திருந்தது. கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவள் புருஷன் கை வைக்காத தொழில் இல்லை. கருப்பட்டி வியாபாரம் மழையில் கரைந்தது. குடை ரிப்பேர் கடையை ஆறு மாதம் வைத்திருந்தார். அந்த ஆறு மாதமும் மழை பெய்யவில்லை. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் அவரைப் பார்த்ததும், "இப்போ என்ன தொழிலு மாப்ள?" என்று கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையை உலகம்மாளால் தாங்க முடியாது. சென்னைப் பட்டணத்தில் மூன்று மாதம் இருந்து சவுக்காரம் காய்ச்சக் கற்றுக்கொண்டு வந்த பிறகுதான் அவர் நிமிர்ந்து நடந்தார். தெருவில் அவரைச் சவுக்காரக்கார அண்ணாச்சி என்று கூப்பிட்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் சாப்பிட்ட மாதிரி வயிறு நிறையும்.

பட்டணத்தில் கற்றுக்கொடுத்தவர் ஒரு சோதனையும் சொல்லி அனுப்பியிருந்தார். கட்டியான சவுக்காரத்தை நுனி நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். காரம் முழுவதும் எண்ணெயோடு சேர்ந்திருந்தால் சப்பென்று இருக்கும். மிச்சம் நின்றால் சுருக்கென்று குத்தும். குத்தினால் மறுபடி எண்ணெய் விட்டுக் காய்ச்ச வேண்டும். ஒரு தரம் காய்ச்சி இறக்குவது ஓர் ஈடு. இசக்கியப்பன் ஒவ்வொரு ஈட்டையும் நாக்கில் வைத்துப் பார்க்காமல் வெளியே விட்டதில்லை. வேலையில் அவ்வளவு சுத்தம். வாயிலிருக்கும் வெற்றிலையைத் துப்பி, மூன்று தரம் கொப்புளித்து, கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிடுகிறவரைப் போல நாக்கை நீட்டுவார்.

அவர்களுக்குப் பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை இருந்தது. சந்தனமாரி என்று பெயர். பிறந்த புதிதில் உலகம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து, காலின்மேல் பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டுவாள். அப்போது பிள்ளையின் வாய்க்குள் போவது அவள் விட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உட்காரத் தொடங்கியதும் எல்லாம் மாறிவிட்டது. அகல வாயுள்ள பித்தளைப் பாத்திரத்தில் வெந்நீரை ஊற்றி உட்கார வைத்தால், அந்தத் தண்ணீரையே அள்ளிக் குடிப்பாள். நுரையை நக்குவாள். பல் முளைக்கிற தினவில் சவுக்காரக் கட்டியைப் பறித்து ஈறால் கடிப்பாள்.

மாசி மாதம் தூத்துக்குடியிலிருந்து புது டப்பா வந்தது. பழைய காரம் ஈரம் ஏறிச் சக்தி குறைந்து கிடந்தது. இது புத்தம் புதிது. இசக்கியப்பன் குறைக்காமல் பழைய நிறையையே நிறுத்துப் போட்டார். அந்த ஈட்டுச் சவுக்காரத்தில் நாலு நாள் குளித்ததும் சந்தனமாரியின் உதட்டோரம் வெடித்தது. நுனி நாக்கு வெளுத்துப்போய், பால் குடிக்க வாயை வைத்துவிட்டு வீறிட்டு அழுதாள். தொடை இடுக்கெல்லாம் சிவந்து கிடந்தது. உலகம்மாள் வெண்ணெயைத் தடவிவிட்டு யோசித்தாள். சாப்பாட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. பிறகு அவளே சவுக்காரத்தை எடுத்து நாக்கில் வைத்தாள். கட்டெறும்பு கடித்தது போல இருந்தது.

அன்று மத்தியானமே புருஷனிடம் சொன்னாள்.

"இங்க பாருங்க, இந்த ஈட்டுச் சவுக்காரம் நாக்குல சுருக்குங்கு."

இசக்கியப்பன் வாயைக் கொப்புளித்துவிட்டு வாங்கி நாக்கில் வைத்தார். ஒரு தரம் அல்ல, மூன்று தரம்.

"எங்கட்டி சுருக்குங்கு? பச்சத்தண்ணி மாதிரியில்லா இருக்கு. நீ மொளவா கடிச்சிட்டு வந்து சவுக்காரத்த நக்கியிருப்ப."

"பிள்ளைக்கு வாயெல்லாம் புண்ணா இருக்கே."

"பல்லு மொளைக்கில்லா, அப்படித்தான் இருக்கும். ஊரே இதுல குளிக்கு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தொழில் தெரிந்த நாக்கு அவருடையது. தன் நாக்குக்கு ரசத்தில் உப்பு பார்க்க மட்டும்தான் தெரியும். ஒருவேளை நம் பிள்ளைக்கு மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நினைத்தாள். அப்படி நினைப்பது வசதியாகவும் இருந்தது. மறுநாளிலிருந்து பாசிப்பயற்று மாவைத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். எட்டே நாளில் பிள்ளையின் வாய் ஆறிவிட்டது. அப்போதே விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் புருஷனிடம் சொல்லவில்லை. சவுக்காரக்காரர் வீட்டுப் பிள்ளை பயற்று மாவில் குளிக்கிறது என்று ஒரு சொல் வெளியே போனால், மறுபடி பந்தியில் அந்தப் பார்வைதான். அதனால் தினமும் காலையில் ஒரு கட்டியை நனைத்து, கையால் நாலு தேய் தேய்த்து, கிணற்றடி மாடத்தில் வைத்துவிடுவாள். பார்க்கிறவர்களுக்கும் புருஷனுக்கும் சவுக்காரம் தேய்ந்துகொண்டே வந்தது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து எலிசபெத் என்கிற டீச்சர் வந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. இடுப்பில் பதினோரு மாதப் பையன், கிருபைராஜ். அவள் கொழுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. சவுக்காரத்தை மோந்து பார்த்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள், பிறகு கேட்டாள்.

"அண்ணாச்சி, இவன் கையில கெடைக்கிறத எல்லாம் வாய்க்குக் கொண்டுபோறான். இது வாயில பட்டா ஒண்ணும் செய்யாதே?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. இசக்கியப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவள் கண் முன்னாலேயே கட்டியை நாக்கில் வைத்துக் காட்டினார்.

"நான் நாக்குல வைக்காம ஒரு கட்டி வெளிய போகாது டீச்சரம்மா."

"உங்க வீட்டுப் பிள்ளையும் இதுலதான் குளிக்கா?"

"பின்ன? ஏட்டி உலகம்மா, பிள்ளையத் தூக்கிட்டு இங்கன வா."

உலகம்மாள் சந்தனமாரியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். எலிசபெத் அவளைப் பார்த்து, "இதுலதானே மதினி குளிப்பாட்டுதீங்க?" என்று கேட்டாள். அந்தப் பையன் அம்மாவின் இடுப்பிலிருந்து எட்டிச் சந்தனமாரியின் தலைமுடியைப் பிடிக்கப் பார்த்தான். எச்சில் ஒழுக, கீழே இரண்டு பல் தெரியச் சிரித்தான். உலகம்மாள் தலையை ஆட்டினாள். எலிசபெத் மூன்று கட்டி வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த பதினைந்து நாளும் அடுப்பில் காய்ச்சும் வேலை நடக்கும்போதெல்லாம் உலகம்மாள் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே துடுப்பால் கிண்டுவார். அந்தப் பாட்டை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை எலிசபெத் மறுபடி வந்தாள். சத்தம் போடவில்லை. பையனைத் திருப்பிப் பிடித்து, வாயைத் திறந்து காட்டினாள். உதடு இரண்டும் வெடித்து, நாக்கு வெந்து கிடந்தது. பையன் அழக்கூடத் தெம்பில்லாமல் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டான். நாலு நாளாகப் பால் இறங்கவில்லை, பஞ்சில் தண்ணீரைத் தொட்டு வைக்கிறேன் என்றாள்.

இசக்கியப்பன் பதறித்தான் போனார். ஆனாலும் தொழில் மேலிருந்த நம்பிக்கை அவரை விடவில்லை.

"ஐயோ பாவம். ஆனா டீச்சரம்மா, இது சவுக்காரத்தால வந்ததா இருக்காது. வேற என்னமும் குடுத்தீங்களா? எம்பிள்ளையும் இதே ஈட்டுலதான் தெனமும் குளிக்கா. இங்க பாருங்க."

அவர் சந்தனமாரியைத் தூக்கி வந்து, விரலால் மெதுவாக வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ரோஜா நிறத்தில் சுத்தமாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. எலிசபெத் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பையனைப் பார்த்தாள்.

"அப்போ நான்தான் என்னமோ தப்பாக் குடுத்திருக்கேன் போல," என்றாள். "கேப்பைக் கூழு குடுத்தேன். வேற ஒண்ணும் குடுக்கலையே."

சும்மா இருந்திருந்தால் அவள் அப்படியே போயிருப்பாள். தன் கையால்தான் பிள்ளைக்குத் தீங்கு வந்தது என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் அதே சவுக்காரத்தில் அவனைக் குளிப்பாட்டியிருப்பாள். உலகம்மாளால் அதற்கு மேல் முடியவில்லை.

"எம்பிள்ளை இதுல குளிக்கல," என்றாள்.

இசக்கியப்பன் திரும்பிப் பார்த்தார். "என்னட்டி சொல்லுத?"

"மாசிலயே நிப்பாட்டிட்டேன். பயத்தமாவுதான் போடுதேன். மாடத்துல இருக்கது நான் சும்மா நனைச்சி வைக்கது." மேஜையிலிருந்த கட்டி ஒன்றை எடுத்து எலிசபெத்திடம் நீட்டினாள். "நீங்களே நாக்குல வச்சுப் பாருங்க டீச்சரம்மா."

எலிசபெத் நுனி நாக்கில் வைத்தாள். உடனே எடுத்துத் துப்பிவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். இசக்கியப்பன் அவள் கையிலிருந்து அதை வாங்கித் தன் நாக்கில் வைத்தார். அழுத்தித் தேய்த்தார். இரண்டு பெண்களின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? பதினாலு வயசுல இருந்து வெத்தலைக்குச் சுண்ணாம்பு அப்புத நாக்கு," என்றாள் உலகம்மாள்.

அவர் மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்தார். வெற்றிலை இல்லாமல், வெறும் சுண்ணாம்பை ஒரு விரல் வழித்து நாக்கில் வைத்தார். அந்த அளவுக்கு வேறு யாராவது வைத்திருந்தால் குதித்திருப்பார்கள். அவர் அசையாமல் நின்றார். கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. அது சுண்ணாம்பால் வந்ததல்ல.

"செத்த நாக்க வச்சிக்கிட்டு ஊருக்கெல்லாம் சத்தியம் பண்ணியிருக்கேன்," என்றார். "டீச்சரம்மா, என்னை மன்னிச்சிருங்க. மொதல்ல நீங்க பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, நான் வண்டி பிடிச்சிட்டு வாரேன். பெறவு வீடு வீடாப் போயி இந்த ஈட்டு அத்தனையையும் திருப்பி எடுத்துட்டு வந்துருதேன்." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினார்.

இரண்டு தாய்மாரும் இரண்டு பிள்ளைகளும் மட்டும் நின்றார்கள். எலிசபெத் பையனின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் உலகம்மாளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அண்ணாச்சிக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க பிள்ளைக்கு நிப்பாட்டிட்டீங்க. அன்னைக்கு நான் இவன இடுப்புல வச்சிக்கிட்டு இங்கனதானே நின்னேன் மதினி. இவன் உங்க கண்ணுலயே படலையா?"

உலகம்மாள் சந்தனமாரியைக் கீழே இறக்கிவிட்டாள். அவளைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது போலிருந்தது.

"பட்டான் டீச்சரம்மா. அவன் சிரிச்சிட்டிருந்தான். அவனப் பாத்துக்கிட்டேதான் தலைய ஆட்டினேன்."